முதலில் நல்ல கால்

"வலிக்கிற காலைக் காட்டு" என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "நல்ல காலைக் குடு மொதல்ல" என்பார். கணுக்கால் வீங்கி, இரண்டு பேர் தோளில் தொங்கியபடி, மணலில் ஒற்றைக் காலால் தத்தித் தத்தி வந்து சேர்ந்தவனிடம் போய் நல்ல காலைக் கேட்டால் அவன் என்ன நினைப்பான்? "அது இல்ல டாக்டரம்மா, இது" என்று வீங்கின காலை நீட்டுவான். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நல்ல கால் மடிக்கு வந்து சேரும்வரை இரண்டு கைகளையும் நீட்டியபடியே உட்கார்ந்திருப்பார்.

மடி என்றால் மடியேதான். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர் தரையில் ஒரு மணைப் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். டாக்டர் கீழே, நோயாளி மேலே. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் கடலோரத்தில் அதற்கு முன் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டுவிட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள். படித்த பெண்பிள்ளையின் மடியில், அதுவும் டாக்டரின் மடியில், சேறும் மணலுமான காலை எப்படி வைப்பார்கள்? கூசிக் கூசிச் செத்துப்போவார்கள். ஒரு பெரியவர் கால் மடியில் பட்ட ஒவ்வொரு தடவையும் குனிந்து அவர் தோளைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னா பெரியவரே, கோயிலுக்கா வந்துகீறீங்க? ஆடாம உக்காருங்க. நீங்க ஆடினா எனக்குக் கயிறு ஆம்புடாது."

கயிறு என்று அவர் சொன்னது, கணுக்காலில் எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் நார்களை. மருத்துவப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் இருக்கிறது. அதையெல்லாம் மீன் பிடிக்கிறவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "கட்டுமரத்துல நாலு கட்டையும் பிரியாம இருக்குதே, எதனால? கயித்தால. உங்க காலும் அப்படித்தான். வெளிப்பக்கம் மூணு கயிறு, உள்பக்கம் விசிறி மாதிரி ஒண்ணு. எது அறுந்துச்சின்னு தேடிகினு இருக்கேன்" என்பார். அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஒருவன் வலியையும் மறந்து, "அறுந்தா முடிச்சி போட்டுடலாமா டாக்டரம்மா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. "நீ ஆறு வாரம் கடலுக்குப் போகாம இருந்தா அதுவே முடிச்சி போட்டுக்கும்" என்றார்.

எழுபதுகளின் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி இரண்டே அறைகள் கொண்ட ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது எங்கள் அரசாங்கச் சுகாதார நிலையம். நான் அங்கே கிளார்க். பதிவேடு எழுதுவது, கடிதம் அனுப்புவது, சுவரில் நோட்டீஸ் ஒட்டுவது எல்லாம் நான்தான். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, டாக்டருக்கு முப்பது இருக்கும். இரண்டு பேருக்கும் வீடு செங்கல்பட்டு. காலையில் ஒரே பஸ்ஸில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து இறங்கி, முக்கால் மைல் மணலில் நடப்போம்.

என் கையெழுத்து மணிமணியாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே சொல்லும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைச் சுருட்டிக்கொண்டு என் மேஜைக்கு வருவார்கள். ரேஷன் கார்டுக்கு மனு, கிணறு தூர் வார மனு, மனைப்பட்டாவுக்கு மனு. எழுதிக் கொடுப்பேன். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'எழுத்தம்மா'. டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். "எழுத்தம்மா, பஞ்சு எங்க?" என்பார், கிண்டல் பாதி, பிரியம் பாதியாக.

அவர் கால் பார்ப்பதை நான் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். முதலில் நல்ல காலில் எல்லாக் கயிறுகளையும் தொடுவார். வெளிக் கணுக்காலில் புடைத்து நிற்கும் எலும்பின் நுனியைக் கட்டைவிரலால் பிடிப்பார். அங்கிருந்து முன்னால் ஒரு விரற்கடை, கீழே ஒரு விரற்கடை, பின்னால் ஒரு விரற்கடை. பிறகு உள்பக்கம். ஒவ்வொருத்தர் கயிறும் ஒவ்வொரு மாதிரி இருக்குமாம். சிலருக்கு இறுகி, சிலருக்குத் தளர்ந்து. "இவன் கால் எப்படி இருக்கணும்னு இவனோட இன்னொரு காலுக்குத்தானே தெரியும்? புத்தகத்துக்கா தெரியும்?" என்பார். அதற்குப் பிறகுதான் வீங்கின கால். அப்போது அவர் கண் காலில் இருக்காது. விரல் தன்பாட்டுக்கு வீக்கத்துக்குள் இறங்கித் தேடும், கண் நோயாளியின் முகத்திலேயே இருக்கும். வாய் என்ன சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். புருவம் சுருங்குகிறதா, உதடு இறுகுகிறதா என்று பார்ப்பார். சுருங்கின அந்த நொடியே கையை எடுத்துவிடுவார்.

"சரி. கெடச்சிது."

அவ்வளவுதான். அந்த இடத்தை மறுபடி தொடவே மாட்டார். ஒருநாள் பஸ்ஸில் இதைப் பற்றிக் கேட்டேன். மற்ற டாக்டர்கள் நாலு தடவை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார்களே என்றேன். "ஒரு தடவ அமுக்கறது தெரிஞ்சிக்கறதுக்கு. ரெண்டாவது தடவ அமுக்கினா எதுக்கு?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முகத்தையே பார்க்கிறவருக்கு முகம் ஒன்றும் நினைவில் நிற்காது என்பதுதான் வேடிக்கை. சந்தையில் யாராவது "டாக்டரம்மா, சௌக்கியமா?" என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார். பிறகு மெதுவாகக் கண் கீழே இறங்கும். காலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும். "ஓ, நீயா! பின்கயிறு எப்படிக் கீது?"

ஒரு மீன்கூடைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரப்பில் தடுக்கி விழுந்துவிட்டாள் என்று புருஷன் கூட்டிக்கொண்டு வந்தான். அவன்தான் பேசினான். அவள் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பலகையில் உட்கார்ந்து நல்ல காலை வாங்கிப் பார்த்துவிட்டு வீங்கின காலை எடுத்தார். முன்கயிறு, கீழ்க்கயிறு, பின்கயிறு. அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விரல் உள்பக்கம் போய் அந்த விசிறியைத் தொட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"சரி. கெடச்சிது" என்று கையை எடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தார். "தடுக்கி வுழுந்தா பாதம் உள்பக்கமா மடங்கும். வெளிப்பக்கக் கயிறு போவும். இது உள்பக்கம் போயிருக்கு. வெளியிலேருந்து யாரோ ஓங்கி ஒதச்சாத்தான் இது போவும். யாரு?"

"இன்னாம்மா நீ? காலைப் பாக்கச் சொன்னா வூட்டு விசயத்தப் பேசறே?"

"காலைத்தான் பாத்தேன். காலுதான் சொல்லுது. இன்னொரு தடவ இந்தக் கயிறு போச்சின்னா நான் போலீசுக்கு எழுதுவேன். எழுத்தம்மா, தேதி போட்டு எழுதி வை."

நான் எழுதி வைத்தேன். அவன் என்னையும் சேர்த்து முறைத்துவிட்டுப் போனான். அந்தப் பெண் வாசலில் ஒரு கணம் நின்று டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அன்றைக்குப் பட்ட அவமானத்தை மறக்கவே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி என்னைப் பற்றி. சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன்.

நான் வலி தாங்குகிறவள் என்று என் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. டாக்டர் என் காலைப் பார்ப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் விறகடுப்பிலிருந்து ஒரு கங்கு தெறித்து என் இடது பாதத்தில் விழுந்தது. தோல் பொசுங்குகிற வாசனை வந்த பிறகுதான் நான் குனிந்து பார்த்தேன். கத்தவில்லை. அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஊரப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னாள். "எம் பொண்ணு நெருப்பு பட்டாக்கூட மூச்சு வுடமாட்டா, அவ்ளோ பொறுமை." மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. இன்னொரு தடவை இடது கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது தெரியாமல் பஸ் ஸ்டாண்டுவரை நடந்திருக்கிறேன். கல்யாண நினைப்பில் மயங்கிக் கிடக்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆடி மாதம் ஒருநாள் பஸ் படியில் கால் பிசகி இறங்கினேன். அன்றைக்கு டாக்டர் முன் பஸ்ஸிலேயே போய்விட்டார். நான் மணலில் தனியாக நடந்து போய், வழக்கம்போல மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன். அவர்தான் பார்த்துவிட்டு, "இன்னா இது, கால் தலகாணி மாதிரி இருக்குது?" என்றார்.

"பஸ்ஸுல பிசகிடுச்சி டாக்டர். ஒண்ணுமில்ல."

"இந்தக் காலோடவா நடந்து வந்த?"

"எனக்கு வலி தாங்கும் டாக்டர்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை! நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் வலது காலைக் கொடுத்தேன், பழக்கம் தெரிந்தவளாயிற்றே. அதை முடித்துவிட்டு இடது காலை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தபடி முன்கயிற்றைத் தொட்டார். நான் சிரித்தேன். கீழ்க்கயிறு, பின்கயிறு. சிரித்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் முன்கயிற்றுக்கு வந்தார். அவர் ஒரே இடத்தை இரண்டாம் தடவை தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூன்றாம் தடவையும் அமுக்கினார், நன்றாகவே அமுக்கினார். அவர் நெற்றியில்தான் சுருக்கம் விழுந்தது, என் நெற்றியில் இல்லை.

விரல் உள்பக்கம் போயிற்று. உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே போய் நின்றுவிட்டது. எதையோ உருட்டிப் பார்த்தார். வலது காலில் அதே இடத்தைப் பார்த்தார். திரும்ப இடதுக்கு வந்தார். கயிறு இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கயிறு இருந்திருக்கிறது. அது நரம்பு, பென்சில் தடிமனுக்கு வீங்கியிருந்தது. இதெல்லாம் பிறகு அவர் சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார் என்பதுதான்.

பஞ்சைத் திரித்து எடுத்துக்கொண்டு வந்தார். "கண்ண மூடிக்கோ. நான் தொடறப்போ எல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணு."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். கடல் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஆனதுபோல இருந்தது.

"ஆரம்பிங்க டாக்டர்" என்றேன்.

"முடிச்சிட்டேன்" என்றார்.

கண்ணைத் திறந்தபோது எதிர்ச்சுவரில் நோட்டீஸ் தெரிந்தது. 'உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கிறதா? வெப்பம், வலி தெரியவில்லையா? தொழுநோயாக இருக்கலாம். பயப்பட வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.' மைதா பசை காய்ச்சி அதை அங்கே ஒட்டியவளே நான்தான். ஒரு வருஷமாகத் தினமும் அதற்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். என் கெண்டைக்காலில் வெளிறிப்போன வட்டம் ஒன்று இருந்தது. தேமல் என்று கடலை மாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் அழுத அழுகையை எழுத முடியாது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம், உனக்கு வந்திருப்பது அடுத்தவர்களுக்கு ஒட்டுகிற வகை இல்லை, சில வருஷம் மாத்திரை விடாமல் போட்டால் குணமாகும் என்றார். என் காதில் எதுவும் ஏறவில்லை. தை மாதம் கல்யாணம், நிச்சயதார்த்தமே முடிந்தாயிற்று. நோயாளிகள் பதிவேட்டில் பெயர் எழுதினால்தான் மாத்திரை வரும். அந்தப் பதிவேட்டைப் பார்க்க மாதம் ஒருமுறை மேலிடத்திலிருந்து ஆள் வரும், ஊரில் வீடு தேடி விசாரிக்க வரும். அதையெல்லாம் நோயாளிகளுக்கு ஏற்பாடு செய்து கடிதம் எழுதியதும் நான்தானே, எனக்குத் தெரியாதா?

"எழுதாதீங்க டாக்டர். எம் பேர அதுல எழுதச் சொல்லாதீங்க."

நாற்காலியிலிருந்து சரிந்து அவர் கால்களைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பேர் காலைத் தொட்டவர், தன் காலை ஒருவர் பிடித்ததும் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். "விடு, விடு, எழுந்திரு மொதல்ல" என்றார். பிறகு பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, "சனிக்கிழமைவரைக்கும் பொறு. மாப்பிள்ளைகிட்ட நீ சொல்லணும். அத மட்டும் நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு காகிதப் பொட்டலத்தை என் பையில் போட்டார். செங்கல்பட்டில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் அவரோடு படித்த ஒருவர் வேலை பார்த்தார். அவரிடம் வாங்கியிருக்கிறார். அதன் பிறகு மாதாமாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போவார். வெள்ளை மாத்திரைகள். முகப்பவுடர் டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டேன். தினமும் சாயந்திரம் நான் செய்ய வேண்டிய வேலையையும் சொல்லிக் கொடுத்தார். "வெளிச்சம் போறதுக்குள்ள உக்காந்து ரெண்டு காலையும் பாரு. காயம், கொப்புளம், முள்ளு எது இருந்தாலும் அந்தக் கால் உங்கிட்டச் சொல்லாது. நீதான் பாத்துக்கணும். நல்ல கால மொதல்ல பாரு."

தையில் கல்யாணம் நடந்தது. வந்து வாழ்த்திவிட்டுப் போனார். இலையில் பாதி சாப்பாட்டை மிச்சம் வைத்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

மாசி மாதம் அந்த மீன்கூடைக்காரியின் புருஷன் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு செங்கல்பட்டு போயிருக்கிறான். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக டாக்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். சும்மாவும் உட்காரவில்லை, காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவரின் காலை எடுத்து மடியில் வைத்துக் கயிறு தேடிக்கொண்டிருந்தாராம். பிறகு ஜன்னலில் கையை நீட்டி மாத்திரைப் பொட்டலம் வாங்கிக்கொண்டாராம். அவனுக்கு அது போதாதா? ஒரே வாரத்தில் கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. டாக்டரம்மாவுக்கே அந்த வியாதி கீது, அதனாலதான் எல்லார் காலையும் தொட்டுகினு கீறாங்க, நமக்கும் ஒட்டவைக்கப் பாக்கறாங்க.

கால் காட்ட வருகிறவர்கள் நின்றுபோனார்கள். ஜுரம், இருமல் என்று வந்தவர்களும் வாசற்படிக்கு வெளியே நின்று, மாத்திரையை என் மேஜையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். என்னிடமிருந்து! அவர் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வாசலில் நிற்கிறவனைப் பார்த்துக் கையை நீட்டுவார். "நல்ல காலைக் குடு." அவன் நகர்ந்துவிடுவான். நீட்டின கைகளைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மடியில் போட்டுக்கொள்வார். ஒருவரிடமும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சங்கடப்படுவேன் என்றுதான் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஒருத்தி வந்தாள், அந்த மீன்கூடைக்காரி. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை அவர் மடியில் வைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்த?"

"சும்மாத்தான் வந்தேன். நீங்க பாருங்க."

அவர் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொரு கயிறாக, இரண்டு காலையும் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனால் உதை விழும் என்று தெரிந்தே வந்தவள் அவள். நான் என் மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, 'அந்த மாத்திரை எனக்குத்தான்' என்று நாலு வார்த்தை சொன்னால் முடிந்தது. அடுத்த கோட்டைப் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, டாக்டர் ஒரு பிரசவத்துக்காகப் பக்கத்துக் குப்பத்துக்குப் போயிருந்த நேரம், ஐந்தாறு ஆண்கள் வெள்ளைத்தாளோடு என் மேஜைக்கு வந்தார்கள். மீன்கூடைக்காரியின் புருஷன்தான் முன்னால் நின்றான்.

"எழுத்தம்மா, ஒரு மனு எழுதணும். இந்த டாக்டரு வேணாம், மாத்திடுங்கன்னு."

"வேற யார்கிட்டயாவது எழுதிக்குங்க."

"ஏன், நீ எழுத மாட்டியா? உனக்கு இன்னா அவுங்க மேல அப்படி?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எழுத மறுத்தால் ஏன் என்று யோசிப்பார்கள். யோசித்தால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவது ஞாபகம் வரும், என் கால் வீங்கினது ஞாபகம் வரும், அன்றைக்குக் கதவு சாத்தியிருந்தது ஞாபகம் வரும். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேறு யாராவது எழுதினால் கன்னாபின்னாவென்று எழுதுவார்கள், நான் எழுதினால் மரியாதையாக எழுதுவேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாளை வாங்கினேன். 'மேற்படி மருத்துவர் தொற்றுநோய் உடையவர் என்று பொதுமக்கள் அஞ்சுவதால்' என்று எழுதினேன். 'அவரது திறமையில் எங்களுக்கு எவ்விதக் குறையும் இல்லை' என்றும் ஒரு வரி சேர்த்தேன். பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று முடித்தேன். வழக்கம்போல மணிமணியாக இருந்தது. அன்றைய மாத்திரையைக் காலையிலேயே விழுங்கியிருந்தேன்.

சித்திரையில் மாற்றல் உத்தரவு வந்தது. தெற்கே, கடைசியில் ஒரு ஊர். கடைசி நாள் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு, பலகையை மட்டும் எடுத்துப் போட்டார்.

"எழுத்தம்மா, வா. உக்காரு."

வலது காலைக் கொடுத்தேன். பார்த்தார். இடது காலை எடுத்தார். உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து உருட்டினார். "மெலிஞ்சிருக்கு. நல்லா மெலிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பல மாதமாகப் பார்த்ததில்லை. காலை மடியிலிருந்து இறக்கவில்லை. விரலும் அங்கேயே இருந்தது. கண் நிமிர்ந்து என் முகத்துக்கு வந்தது.

"மேலாபீசுல மனுவ எங்கிட்டக் காட்டினாங்க. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

பாதத்தில் ஆணி இறங்கினாலும் தெரியாதவள் நான். என் முகம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. புருவம் சுருங்கியதா, உதடு இறுகியதா, அவருக்குத்தான் தெரியும். ஒரு கணம்தான் பார்த்தார். உடனே விரலை எடுத்துவிட்டார்.

"சரி" என்றார். "கெடச்சிது."

காலை மெதுவாகத் தரையில் வைத்தார். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். திருக்கழுக்குன்றத்தில் வேர்க்கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தார்.

என்னை அவர் திட்டியிருக்க வேண்டும். நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். இரண்டாம் தடவை அமுக்காமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாத்திரைக்கு என்ன செய்வது என்று நான் கேட்கவும் இல்லை. எந்த வாயால் கேட்பேன்? கையில் இருந்தது தீருகிற சமயம் ஆபீஸ் முகவரிக்கு என் பெயரில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே மூன்று மாதத்துக்கான மாத்திரை. கடிதம் இல்லை. அதற்கு மூன்று மாதம் கழித்து இன்னொன்று. இப்படி நாலு வருஷம். ஒன்றுகூடத் தவறவில்லை, ஒன்றுகூட ஒரு வாரம் தாமதமாகவில்லை. கடைசிப் பார்சலில் மட்டும் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. அவர் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். 'இதோடு நிறுத்திவிடலாம். சாயந்திரம் கால் பார்ப்பதை மட்டும் நிறுத்தாதே.'

எனக்குக் குணமாகிவிட்டது. கெண்டைக்காலில் வட்டம் மறைந்துவிட்டது. பாதத்தில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப் பிள்ளைகள் பிறந்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசிவரை எதுவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அந்த டாக்டர் இப்போது இருக்கிறாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் எண்பதுக்கு மேல் இருக்கும். இப்போதும் தினமும் வெளிச்சம் போவதற்குள் உட்கார்ந்து, முதலில் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். முன்னால் ஒரு விரற்கடை, கீழே ஒரு விரற்கடை, பின்னால் ஒரு விரற்கடை. பிறகு இடது காலை எடுக்கிறேன். அது இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை.

மொத்தம் பதினாறு பார்சல்கள் வந்தன. பதினாறிலும் மூலையில் அவருடைய முகவரி தெளிவாக எழுதியிருந்தது. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவள், அந்த முகவரிக்கு நான் ஒரு கார்டு எழுதவில்லை.